மகனுக்கு முதல் கார் வாங்குகிறீர்களா? இன்சூரன்சு கணக்கையும் பாருங்கள்

தாராவி 90 அடி ரோட்டில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால், கார்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. டாக்சிகளும் டெம்போக்களும் மட்டும் அல்ல, சொந்தக் கார்களும் நிற்கின்றன. பெரும்பாலும் செகண்ட் ஹாண்ட் வண்டிகள். பையனுக்கு 18 வயது முடிகிறது. வண்டி ஓட்டத் தெரிந்தால் நாளைக்கு ஒரு பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை வீட்டாரை அழைத்துக்கொண்டு செம்பூருக்கும் முலுண்டுக்கும் போய் வரலாம். தகப்பனார்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். வண்டி விலை, பெட்ரோல் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. இன்சூரன்சு மட்டும் இருப்பதில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்!

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 18 வயதுப் பையன் ஓட்டப்போகிறான் என்றாலே இன்சூரன்சு கட்டணம் பல மடங்கு ஏறிவிடும். நம் நாட்டில் அப்படி அல்ல. எதிர்த்தரப்பாருக்கு நஷ்டஈடு கொடுக்கும் "தேர்டு பார்ட்டி" இன்சூரன்சு கட்டாயம். அதன் கட்டணம் வயதைப் பார்ப்பதில்லை, என்ஜினைப் பார்க்கிறது. 2022 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். அதற்கும் மேலே போனால் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது சி.சி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே பெயருள்ள காரில் இரண்டு கட்டணம் வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ, 1998-ல் வந்தபோது 999 சி.சி. பின்னால் வந்த சான்ட்ரோ ஜிங் 1,086 சி.சி. பழைய வேகன்-ஆர் 1,061 சி.சி.; 2010-க்குப் பிறகு 998 சி.சி. என்ஜினுடன் வந்தது. 61 சி.சி. கூடுதலாக இருப்பதற்கு ஆண்டுதோறும் 1,300 ரூபாய்க்கு மேல் அதிகம் கட்ட வேண்டும். தரகர் இதைச் சொல்லமாட்டார். ஆர்.சி.யில் அச்சிட்டிருக்கும், படித்துக்கொள்ளலாம்.

பலருக்கும் ஆசை மாருதி 800 மீது. 1983 டிசம்பரில் வந்து நடுத்தரக் குடும்பத்தைக் கார் ஏற வைத்த வண்டி அது. 796 சி.சி.தான். ஆனால் புகை விதிகள் கடுமையானதால் மும்பையில் அதன் விற்பனை 2010 ஏப்ரலோடு நின்றது. அதாவது, இங்கே புதிதாகப் பதிவான மாருதி 800 எல்லாமே 15 ஆண்டைத் தாண்டிவிட்டன. 15 ஆண்டு ஆனால் தகுதிச் சோதனைக்குக் கொண்டு போய் நிறுத்தி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 முதல் அந்தக் கட்டணமே 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். சுற்றுச்சூழல் வரி வேறு. மலிவாக வந்த வண்டி மலிவாக நிற்காது. அதே 796 சி.சி. என்ஜின் உள்ள ஆல்ட்டோ 800, 2012 முதல் 2023 வரை விற்றது. கற்றுக்கொள்ளும் பையனுக்கு அதுவே போதும். சி.என்.ஜி. வண்டியானால், வெளியில் பொருத்திய கிட் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யார் பெயரில்?

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தவறுகின்றன. காரைத் தகப்பனார் பெயரில் வாங்குகிறார்கள். ஓட்டுவது மகன். தகப்பனாருக்கு லைசென்சே கிடையாது. பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு, லைசென்சு வைத்திருக்கும் சொந்தக்காரருக்குத்தான். மகன் தன் தவறால் மோதி உயிரிழந்தால் அந்த 15 லட்சம் வீட்டுக்கு வராது. 18 வயது முடிந்து லைசென்சு பெற்ற பையன் பெயரிலேயே பதிவு செய்தால் அந்தப் பாதுகாப்பு அவனுக்குக் கிடைக்கும். விபத்து நஷ்டஈடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் (முதல் ஆண்டு 20 சதவீதம், ஐந்து ஆண்டில் 50 சதவீதம்) அவன் பெயரிலேயே சேரும். அந்தத் தள்ளுபடி வண்டியோடு வருவது அல்ல. விற்றவரின் தள்ளுபடியை வாங்குபவர் அனுபவிக்க முடியாது.

பெயர் மாற்றம் அதைவிட முக்கியம். "பேப்பர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்று தரகர் சொன்னால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்ற வேண்டும். பாலிசியை 14 நாளுக்குள் மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுத வேண்டும். பழைய பெயரிலேயே கிடந்தால், சொந்த வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

முழுப் பாலிசியா, தேர்டு பார்ட்டி போதுமா? வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பூட்டிய காம்பவுண்டுக்குள் நிற்கும் பழைய வண்டிக்குத் தேர்டு பார்ட்டி போதும் என்று சொல்லலாம். தாராவிச் சந்துகளில் அந்த வசதி ஏது? ரோட்டில்தான் நிற்கும். திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் தேர்டு பார்ட்டி பாலிசி ஒரு பைசா தராது. 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சயன், மாட்டுங்கா காந்தி மார்க்கெட் பக்கம் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கிறது. பழைய கட்டண அட்டவணைப்படியே பார்த்தாலும், 1 லட்ச ரூபாய் மதிப்புள்ள சிறிய காருக்குச் சொந்தச் சேதப் பாதுகாப்பு 3 ஆயிரத்துச் சொச்சம்தான். இப்போது கம்பெனிகள் போட்டியில் குறைத்தும் தருகின்றன. ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், முழுப் பாலிசியிலும் அது சேராது. அதற்குத் தனிப் பாதுகாப்பு வாங்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் துடைத்து விற்பவர்களும் உண்டு. கால்மிதியைத் தூக்கி அடியில் துருவும் சேற்று வாடையும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

18-க்கு முன்னால் வேண்டாம்

"பிறந்த நாளுக்கு இன்னும் நாலு மாதந்தானே, சந்துக்குள் ஓட்டட்டும்" என்று சாவியைக் கொடுக்கும் தகப்பனார்கள் இருக்கிறார்கள். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் மாறிவிட்டது. வயது வராத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் என்ஜினீயர்கள் இறந்த வழக்கில், தகப்பனார் கைதானதை நாடே பார்த்தது.

இன்சூரன்சுதான் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். லைசென்சு இல்லாதவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டவருக்குக் கோர்ட்டு உத்தரவுப்படி கம்பெனி பணம் கொடுத்தாலும், அதைச் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்றியவர் இறந்த வழக்கில் நஷ்டஈடு லட்சக்கணக்கில் போகும். பிராவிடண்ட் பண்டும் ஊரில் உள்ள காணி நிலமும் அதற்கே போய்விடும்.

18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்து நிரந்தர லைசென்சுக்குத் தேர்வு கொடுக்கலாம். அதுவரை 'எல்' போர்டு மாட்டி, லைசென்சு உள்ளவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்ட வேண்டும். லைசென்சு வந்த பிறகு பையன் நாலு காசு பார்க்கலாம் என்று வெள்ளைப் போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. சொந்த உபயோகப் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. வாடகைக்கு ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் மஞ்சள் போர்டு, பெர்மிட், வேறு இன்சூரன்சு எல்லாம் வேண்டும். அதன் கணக்கே வேறு.