"இன்குலாப் ஜிந்தாபாத்" தந்த மௌலானாவும் முதலாளித்துவ அரசியலும்

போராட்ட மேடைகளில் நம் பிள்ளைகள் "இன்குலாப் ஜிந்தாபாத்" என்று முழங்கும்போது, பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறோம். "அது கம்யூனிஸ்ட்காரன் கோஷம் ஆச்சே, நமக்கு எதற்கு?" என்பார்கள். அந்த முழக்கத்தை 1921-ல் உருவாக்கித் தந்தவர் பலமுறை ஹஜ் செய்த ஒரு மௌலானா என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பகத்சிங் அதைப் பிற்காலத்தில்தான் நாடெங்கும் கொண்டுபோனார்.

மௌலானா ஹஸ்ரத் மோஹானி உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்திலுள்ள மோஹான் என்ற ஊரைச் சேர்ந்தவர். இயற்பெயர் சையத் ஃபஸ்லுல் ஹசன். அலிகரில் படித்தார். அரசாங்க உத்தியோகம் காத்திருந்தும் அதற்குப் போகாமல் 1903-ல் 'உர்தூ-ஏ-முஅல்லா' என்ற இதழைத் தொடங்கினார். எகிப்தில் ஆங்கிலேயர் கடைப்பிடித்த கல்விக் கொள்கையைச் சாடிய ஒரு கட்டுரைக்காக 1908-ல் கடுங்காவல் தண்டனை பெற்றார். அதை எழுதியவர் வேறொருவர். பெயரைச் சொல்லியிருந்தால் இவர் தப்பியிருக்கலாம், சொல்லவில்லை. அபராதத்துக்காக அவருடைய நூல்கள் ஏலம் போயின. சிறையில் தானியம் அரைக்கும் திரிகையைச் சுற்றிக்கொண்டே கஸல் எழுதினார்.

1921 டிசம்பரில் அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டில் முழுச் சுதந்திரமே இலக்கு என்று தீர்மானம் கொண்டுவந்தார். காந்தியடிகள் எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. காங்கிரஸ் அதே இலக்கை 1929-ல் லாகூரில்தான் ஏற்றது.

ஆனால் ஹஸ்ரத்தின் கேள்வி ஆங்கிலேயர் வெளியேறுவதோடு முடியவில்லை. வெள்ளைக்கார அதிகாரி எழுந்த நாற்காலியில் நம்மூர் ஆலை முதலாளியும் ஜமீன்தாரும் உட்கார்ந்தால் விவசாயிக்கும் நெசவாளிக்கும் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்விதான் அவரைச் சோஷலிசத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1925 டிசம்பரில் கான்பூரில் இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு கூடியபோது வரவேற்புக் குழுத் தலைவர் அவர்தான். மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னையின் சிங்காரவேலர், 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர். மீனவக் குடும்பத்தில் பிறந்த பகுத்தறிவாளர் ஒருவரும், ஐவேளைத் தொழுகை தவறாத மௌலானா ஒருவரும் ஒரே மேடையில்!

அந்த மாநாட்டு உரையில் மௌலானா இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கினார். முதலாவது, சோஷலிசம் உங்கள் குடையையும் கடிகாரத்தையும் பாத்திரத்தையும் பிடுங்க வரவில்லை, அது நிலத்தையும் ஆலையையும் பற்றியது என்பது. இரண்டாவது, மூலதனத்தின் ஆதிக்கத்தைப் பொறுத்தவரை இஸ்லாத்தின் சட்டங்கள் கம்யூனிஸ்டுகளுடையதைவிடவும் கடுமையானவை என்பது.

இரண்டாவது கூற்று மிகையா? நிதானமாகப் பார்ப்போம். பணம் உழைக்காமல் பணத்தைப் பெற்றெடுப்பதுதான் வட்டி. குர்ஆன் அதை ஹராமாக்கியதோடு நிற்கவில்லை, விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் தூதரும் செய்யும் போர் என்று எச்சரித்தது (2:279). செல்வம் செல்வந்தர்களுக்குள்ளேயே சுற்றிவரக் கூடாது என்பதை ஒரு பங்கீட்டுச் சட்டத்தின் காரணமாகவே அது கூறுகிறது (59:7). வங்கி வட்டியும் பங்குச் சூதாட்டமும் இல்லாமல் இன்றைய முதலாளித்துவம் ஒரு நாள் நடக்குமா?

நாமோ இந்தப் பகுதியை ஜகாத்தோடு சுருக்கிவிட்டோம். ரமலானில் இரண்டரை சதவீதத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டால், மீதித் தொண்ணூற்றேழரை எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஜும்ஆவில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஸஃப்பில் தோள் உரச நிற்கிறார்கள். சனிக்கிழமை காலை ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் அந்த ஸஃப் கலைந்துவிடுகிறது. வியர்வை உலருமுன் கூலி கொடு என்ற நபிமொழியைச் சொல்ல இவர்களுக்கு மத்தியில் ஒரு சங்கம் தேவைப்படுகிறது. சங்கம் வைத்தால் சமுதாய ஒற்றுமையைக் கெடுக்கிறான் என்ற பேச்சு வரும்.

தேர்தல் அரசியலிலும் இதே கதை. எந்தக் கூட்டணி எத்தனை இடம் தரும் என்றுதான் நம் கூட்டங்களில் பேசுகிறோம். வாராவாரம் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை கட்டும் நம் பெண்களின் வட்டிக் கணக்கை எந்தக் கட்சி ரத்து செய்யும் என்று கேட்பதில்லை. ஆட்சி மாறுகிறது, தவணை மாறுவதில்லை. நம் பெயருள்ள ஒருவர் சட்டமன்றத்தில் இருப்பது வேண்டும்தான். ஆனால் நிலமும் ஆலையும் கடனும் யார் கையில் என்ற கேள்வியைத் தொடாத அரசியலுக்கு மாற்று வேண்டும் என்றுதான் ஹஸ்ரத் வாதாடினார்.

இதைப் படித்ததும், "சோவியத்தில் பள்ளிவாசல்களை மூடவில்லையா?" என்று ஒருவர் கேட்பார். மூடினார்கள். இஸ்லாமியச் சமூகத்தையும் சோஷலிசத்தையும் இணைக்க முயன்ற தாத்தாரியத் தலைவர் சுல்தான் கலியேவை 1923-ல் கட்சியிலிருந்து நீக்கினார்கள், 1940-ல் சுட்டுக் கொன்றார்கள். இறைமறுப்பை அரசின் கொள்கையாக்கியதை எந்த முஸ்லிமும் ஏற்க முடியாது. வாரிசுரிமையையும் நேர்மையான வணிகத்தையும் மார்க்கம் அனுமதிக்கிறது. மாஸ்கோவின் மாதிரியை அப்படியே கொண்டுவர நினைத்த இடத்தில் மௌலானாவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால், மருந்து தவறு என்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது. அவர் கண்ட நோய் இன்றும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

முஸ்லிம் லீகில் இருந்தும் பிரிவினையை அவர் ஏற்கவில்லை, இந்தியாவிலேயே தங்கினார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்தபோதும் மூன்றாம் வகுப்பு ரயிலில்தான் பயணித்தார் என்பார்கள். 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையில் இந்நாட்டை "இந்திய சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்" என்று குறிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை நிராகரித்தது. 1951 மே 13 அன்று லக்னோவில் வஃபாத்தானார். 'சோஷலிச' என்ற சொல் 42-வது திருத்தத்தின் மூலம் 1976-ல் முகப்புரைக்குள் வந்தது. அதை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.