நம்மூர் அணி எது?

கொச்சித் தமிழர் வீடுகளில் கால்பந்து கிளப்பும் வழக்கு

மட்டாஞ்சேரி: சென்னை அணியும் கேரள அணியும் மோதுகிற வாரக் கடைசி வந்துவிட்டால், இங்குள்ள தமிழர் வீடுகளில் ஒரு சின்ன வழக்கு எழும்.

"நம்மூர் டீம் வருதுடா" என்பார் அப்பா. அவர் சொல்வது சென்னையை. அந்தச் சென்னையை அவர் வாழ்நாளில் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருப்பார். பிறந்த ஊர் தேனிப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ இருக்கும். ஆனால் மலையைத் தாண்டி வந்து பஜார் ரோட்டுக் கிடங்கில் கணக்கு எழுதத் தொடங்கிய நாள் முதல், தமிழ் பேசும் ஊரெல்லாம் அவருக்கு நம்மூர்தான்.

"நம்மூர் டீம் இங்கேதானேப்பா இருக்கு" என்பான் பையன். அவன் பிறந்தது இங்கே. படிப்பது மலையாளப் பள்ளிக்கூடத்தில். அவன் சட்டை மஞ்சள். அப்பாவுக்கு நீலம். அம்மா இரண்டையும் துவைத்துக் காயப்போடுகிறவர். கட்சி எதிலும் சேரமாட்டார்.

கேரளா பிளாஸ்டர்ஸ், சென்னையின் எப்.சி. ஆகிய இரு அணிகளும் 2014ல் ஐ.எஸ்.எல். போட்டி தொடங்கியபோது பிறந்தவை. முதல் ஆண்டிலேயே அரையிறுதியில் மோதிக்கொண்டன. வழக்கும் அன்றே தொடங்கிவிட்டது.

கலூரில் விழுந்த மூன்று கோல்

2014 டிசம்பர் 13, சனிக்கிழமை. கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். சுமார் 60,000 பேர் கூடியிருந்தார்கள். கொச்சியில் அப்போது மெட்ரோ ரயில் கிடையாது. தோப்பும்படி வழியாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்களில் தமிழர்களும் உண்டு.

முதல் பாதியில் இஷ்பாக் அகமது ஒரு கோல் அடித்தார். சென்னை அணியினர் மூச்சு விடுவதற்குள் கனடாக்காரர் இயன் ஹியூம் இன்னொன்று போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில், மாற்று ஆளாக இறங்கிய வயநாட்டுப் பையன் சுசாந்த் மாத்யூ வெகு தூரத்திலிருந்து வளைத்து அடித்த பந்து வலைக்குள் போயிற்று. மூன்றுக்குப் பூஜ்யம். நீலச் சட்டைக்காரர்கள் வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்துச் சென்னையில் மறு ஆட்டம். கதை தலைகீழாயிற்று. சென்னையின் முதல் கோலை அடித்தவர் மிக்கேல் சில்வெஸ்டர் என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்தது, கேரளத் தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் தவறுதலாகத் தன் வலைக்கே திருப்பிவிட்ட பந்து. கடைசி நிமிஷத்தில் ஜெஜே ஒன்று போட, மூன்றுக்கு மூன்று என்று கணக்கு நேராயிற்று. கூடுதல் நேரமும் முடியப் போகிற 117ஆம் நிமிஷத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல் கேரளாவை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பியது. அன்று இரவு மட்டாஞ்சேரியில் எத்தனை அப்பாக்கள் சாப்பிடாமல் படுத்தார்களோ, கணக்கு இல்லை.

அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் வந்த அணிகளில், பிரான்சின் முதல் தர லீகில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள் இருபுறமும் இருந்தார்கள். சில்வெஸ்டர் ரென் நகர அணியில் வளர்ந்து, பின்னால் மான்செஸ்டர் யுனைடெட் வரை போனவர். சென்னையின் இன்னொரு பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மெண்டி, பாரிஸ் செயின்ட் ஜெர்மன் அணிக்கு ஆடியவர். கேரளத் தடுப்பு வரிசையில் நின்ற செட்ரிக் ஹெங்பார்ட், கேன், ஓசேர் அணிகளில் ஆடியவர்.

இந்த ஹெங்பார்ட்டைக் கொச்சி எளிதில் மறக்காது. 2016 டிசம்பர் 18ல் இதே கலூரில் நடந்த இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது, அவர் உதைத்த பந்தைக் கொல்கத்தா கோல் கீப்பர் தேவ்ஜித் மஜும்தார் காலால் தடுத்துவிட்டார். கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிற்று. பாவம், அதற்காக அவரை யாரும் வையவில்லை.

மார்சேயிலும் இதே கேள்வி

இவர்களைப் பார்த்த பிறகுதான் இங்குள்ள இளவட்டங்கள் பிரெஞ்சு லீகையும் பார்க்கத் தொடங்கினார்கள் எனலாம். அங்கே 2023 முதல் 18 அணிகள், 34 சுற்றுகள். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் ஒன்பது ஆட்டங்கள். ஞாயிறு இரவு கடைசி ஆட்டம் அங்கே எட்டே முக்காலுக்கு ஆரம்பமானால், குளிர்காலத்தில் நமக்கு அது பின்னிரவு ஒன்றேகால் மணி. திங்கட்கிழமை ஆபீசில் கொட்டாவி விடுகிறவர்கள் கைப்பேசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த லீகில் வருஷா வருஷம் ஊரே எதிர்பார்க்கும் ஆட்டம் பாரிசும் மார்சேயும் மோதுவது. பாரிஸ் தலைநகரம், பணக்கார அணி. 2025 மே மாதம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. மார்சே துறைமுக ஊர். அந்தக் கோப்பையை 1993லேயே எடுத்த ஊர் என்ற கர்வம் அதற்கு. கொச்சியைப் போலவே கப்பல் வந்த வழியெல்லாம் ஜனங்களும் வந்து சேர்ந்த இடம். ஜினடின் ஜிடேன் பிறந்தது அங்கேதான். பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து பிழைக்கப் போனவர்கள்.

2001 அக்டோபர் 6ல் பாரிஸ் அருகே பிரான்சும் அல்ஜீரியாவும் மோதின. கூட்டத்தில் பெரும் பகுதி பிரான்சிலேயே பிறந்த அல்ஜீரியப் பிள்ளைகள். பிரெஞ்சு தேசிய கீதம் ஒலித்தபோது விசில் அடித்தார்கள். பிரான்ஸ் 4-1 என்று முன்னணியில் இருக்கையில் களத்துக்குள் ஓடி வந்தார்கள். ஆட்டம் பாதியில் நின்றது. ஜிடேன் அன்று பிரான்சின் நீலச் சட்டையில் இருந்தார்.

நம் வழக்கு அந்த அளவுக்குப் போனதில்லை. மலையாளிக்கும் தமிழனுக்கும் இடையில் தண்ணீர்ப் பஞ்சாயத்து உண்டு. பந்துக்காக யாரும் யார் கடையையும் உடைத்ததாகச் செய்தி இல்லை. ஆட்டக்காரர்களும் சட்டை மாற்றத் தயங்கியதில்லை. 2016 இறுதியில் கேரளாவின் கோலை அடித்தவர் காசர்கோடு மாவட்டத்து முகமது ராபி. அடுத்த பருவத்திலேயே அவர் சென்னைக்குப் போனார். 2018 மார்ச்சில் சென்னையின் எப்.சி. பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். கண்ணூர் சி.கே. வினீத்தும் மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போனவரே.

தஞ்சாவூர்க்காரர் கொடுத்த கோப்பை

ஆனால் இந்த வழக்கில் அப்பாவும் பையனும் இருவருமே அறியாத சாட்சி ஒருவர் உண்டு. அவரைப் பார்க்கக் கலூரை விட்டு, மகாராஜாஸ் கல்லூரி மைதானத்துக்குப் போகவேண்டும்.

1973 டிசம்பர் 27. சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். கேரளா அதுவரை அந்தக் கோப்பையை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எதிரே நின்றது ரயில்வே அணி. எர்ணாகுளத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழருக்கு அன்றே இந்தத் தர்மசங்கடம் வந்திருக்கும்: சம்பளம் தருகிற ரயில்வேயா, குடியிருக்கிற ஊரா?

கேரளா 3-2 என்று வென்றது. மூன்று கோலையும் அடித்தவர் ஒருவரே, கேப்டன் டி.கே.எஸ். மணி. அன்று முதல் 2017ல் மறையும் வரை அவர் பெயரே "கேப்டன் மணி" என்றாகிவிட்டது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குக் கோடி ரூபாய் ஒப்பந்தம் இல்லை. உத்தியோகமண்டல் பாக்ட், களமசேரி பிரிமியர் டயர்ஸ் போன்ற தொழிற்சாலைகளில் வேலை கொடுத்து ஆடச் சொன்னார்கள். வேலையும் பார்த்து, பந்தும் ஆடி, கோப்பையும் கொண்டுவந்தார்கள்.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? சைமன் சுந்தரராஜ். தஞ்சாவூர்க்காரர்!

1960 ரோம் ஒலிம்பிக்சில் இந்தியாவுக்கு ஆடிய அணியில் இருந்தவர் அவர். அந்த ஒலிம்பிக்சில்தான் இந்தியா பிரான்சை 1-1 என்று மடக்கிப் பிடித்தது. பிரான்ஸ் அனுப்பியது தொழில்முறை நட்சத்திரங்களை அல்ல, அமெச்சூர் அணியைத்தான் என்றாலும் பிரான்ஸ் பிரான்ஸ்தான். பி.கே. பானர்ஜி போட்ட கோலைக் கடைசிக் கட்டத்தில்தான் அவர்களால் சமன் செய்ய முடிந்தது. அடுத்து பெருவிடம் 3-1 என்று தோற்றபோது இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சைமன் சுந்தரராஜ். அதன் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே ஒலிம்பிக்சில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அந்தத் தமிழருடையதுதான். இதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் யாராவது எழுதினால் தேவலை.

அன்று கேரள அணியின் உப கேப்டன் டி.ஏ. ஜாபர். மட்டாஞ்சேரிக்கு அடுத்த போர்ட் கொச்சிக்காரர். சைமன் சுந்தரராஜிடம் ஆடிய அவர் பின்னால் தாமே பயிற்சியாளரானார். கேரளா இரண்டாவது முறை கோப்பை எடுத்தது 1992ல், அவர் பயிற்சியில். எங்கே தெரியுமா? கோயம்புத்தூரில்! கோவாவை 3-0 என்று முறியடித்தார்கள். மறு ஆண்டு கொச்சியில் மகாராஷ்டிராவை வென்று கோப்பையைத் தக்கவைத்ததும் அவர் காலத்திலேயே. ஜாபர் 2023 டிசம்பரில் காலமானார்.

ஆக, கேரளாவின் முதல் கோப்பை தமிழர் பயிற்சியில் கொச்சியில் வந்தது. இரண்டாவது கோப்பை கொச்சிக்காரர் பயிற்சியில் தமிழ் மண்ணில் வந்தது. மஞ்சள் சட்டைப் பையனுக்கும் நீலச் சட்டை அப்பாவுக்கும் இதில் பாதிப் பாதிப் பங்கு.

அடுத்த மோதலுக்கு முன்

பட்டக் கணக்கில் இன்றைக்கு அப்பா கைதான் ஓங்கியிருக்கிறது. 2015, 2018 என்று சென்னை இரண்டு முறை பட்டம் வென்றது. கேரளா 2014, 2016, 2022 என்று மூன்று இறுதி ஆட்டங்களுக்குப் போய் மூன்றிலும் தோற்றது. கூட்டக் கணக்கில் பையன் பக்கம்தான் கனம். கலூரில் மஞ்சள் கடல் கத்துகிற கத்தலில் எதிரணிக்கு விசில் சத்தமே கேட்காது.

2025ல் ஒப்பந்தச் சிக்கலால் லீக் குறித்த காலத்தில் தொடங்காமல் தள்ளிப் போனதை வாசகர்கள் அறிவார்கள். எனவே ஆட்டம் என்றைக்கு, எந்த ஊரில் என்பதை விசாரித்துக்கொண்டு லீவு எழுதிக் கொடுப்பது நல்லது. கலூர் என்றால் இப்போது வழி சுலபம். மட்டாஞ்சேரியிலிருந்து 2025 அக்டோபர் முதல் வாட்டர் மெட்ரோ படகு ஓடுகிறது. அக்கரை போய் மெட்ரோ ரயில் ஏறினால் ஸ்டேடிய வாசலிலேயே இறங்கலாம். அதே ரயில் பாதையில், சில ஸ்டேஷன்கள் முன்னதாக, மகாராஜாஸ் கல்லூரி வரும். சைமன் சுந்தரராஜின் அணி கோப்பை எடுத்த மைதானம் அந்த ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. கூட வரும் பையனுக்குக் காட்டலாம்.

திரும்பி வரும்போது கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். கூடுதல் நேரம் வரை ஆட்டம் நீண்டால் தோப்பும்படி பஸ்தான் கதி.