எலுமிச்சையும் முட்டையும்: செடிக்கு ஒரு வீட்டு மருந்து

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள், மிக்ஜாம் புயலின்போது நம் திருவள்ளூர் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. கும்மிடிப்பூண்டியில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் முழங்கால் அளவு நீர் தேங்கியது. அது வடிந்தபின் சென்று பார்த்தால், கத்தரியும் வெண்டையும் தக்காளியும் இலை மஞ்சளித்து, தலை சாய்ந்து நின்றன. அவற்றைத் தன் கையால் நட்டு வளர்த்த எங்கள் ஆயாவின் முகமும் வாடிவிட்டது.

"அஞ்சு முட்டையும் இருபது எலுமிச்சம்பழமும் வாங்கி வா கண்ணு. ஊறவெச்சுத் தெளிச்சா பச்சை திரும்பிடும்" என்றார் ஆயா.

அன்று தொடங்கிய அந்த முயற்சியில் நான் இரண்டு தவறுகளைக் கண்டேன். ஒன்று நான் செய்தது. மற்றொன்று ஆயா செய்யவிருந்தது. இரண்டும் பெருந்துன்பத்தில் முடிந்திருக்கக் கூடும். வீட்டுப் பொருள்களால் செய்யும் மருந்தாயினும் அதைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தையே இங்கு எழுதுகிறேன். தோழியரும் பெற்றோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இது புதியதன்று

எலுமிச்சைச் சாற்றில் முட்டையை ஊறவைத்து, வெல்லம் சேர்த்துத் தயாரிக்கும் இந்தக் கரைசலை நம் தமிழக உழவர்கள் "முட்டை அமினோ அமிலம்" என்றும் "முட்டைக் கரைசல்" என்றும் அழைக்கின்றனர். ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் (1938–2013), பஞ்சகவ்யத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்திய கொடுமுடி மருத்துவர் க. நடராஜன் போன்றோரின் உழைப்பால், வீட்டிலும் தொழுவத்திலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பயிரைப் பேணலாம் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. மீன் கழிவும் வெல்லமும் சேர்ந்த மீன் அமிலமும் இவ்வகையைச் சேர்ந்ததே. கொரிய நாட்டில் சோ ஹான் கியூ என்பார் பரப்பிய இயற்கை வேளாண்மை முறையிலோ, வறுத்த முட்டை ஓட்டை அரிசிக் காடியில் கரைத்துப் பயிருக்குத் தெளிக்கின்றனர். நாம் எலுமிச்சையைக் கொண்டு செய்வதை அவர்கள் காடியைக் கொண்டு செய்கிறார்கள். புளிப்பு ஓட்டைக் கரைக்கும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

நமக்கு எலுமிச்சை கிடைப்பது அரிதன்று. நம் ஊர் வழியே செல்லும் இரயில் பாதையில் வடக்கே சென்றால் வருவது ஆந்திர மாநிலத்துக் கூடூர். எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. முட்டைக்கோ நாமக்கல் இருக்கிறது.

நான் செய்த தவறு

ஆயா சொன்னபடி முட்டைகளை உடைக்காமல் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் அடுக்கி, சாற்றைப் பிழிந்து ஊற்றினேன். "காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும்" என்று பக்கத்து வீட்டில் ஒருவர் கூறியிருந்தார். ஆகவே மூடியை என் பலம் கொண்ட மட்டும் திருகி, அடுப்பு மேடையின் மேல் வைத்தேன். ஓட்டின் மேல் சிறு குமிழ்கள் முத்து முத்தாகத் தோன்றுவதைத் தம்பி வெகுநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எழுந்து விளையாடச் சென்ற சிறிது நேரத்தில் "டமார்" என்று ஓர் ஓசை! நைட் ஷிப்ட் முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்த அப்பா பதறி எழுந்து ஓடி வந்தார். பாட்டில் வெடித்துக் கண்ணாடித் துண்டுகள் சமையற்கட்டு முழுதும் சிதறிக் கிடந்தன. தம்பி உட்கார்ந்திருந்த இடத்திலும் இரண்டு துண்டுகள் கிடந்தன. அம்மா ஒன்றும் பேசாமல் அவற்றைப் பொறுக்கி எடுத்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

மறுநாள் எங்கள் வேதியியல் ஆசிரியையிடம் இதைக் கூறினேன். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்கு இதுதான்:

முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் கால்சியம் கார்பனேட் உள்ளது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் அதனுடன் சேரும்போது கால்சியம் சிட்ரேட்டும், நீரும், கார்பன் டை ஆக்சைடு வாயுவும் உண்டாகின்றன. ஒரு முட்டையின் ஓடு சுமார் 5 கிராம். அது முழுவதும் கரைந்தால் வெளிவரும் வாயு ஒரு லிட்டருக்கும் மேல். ஐந்து முட்டைகளுக்குச் சுமார் 6 லிட்டர்! ஒரு சிறிய பாட்டிலுக்குள் 6 லிட்டர் வாயுவைத் திணித்தால் அது எங்கே போகும்?

அதே கணக்கைக் கொண்டு எத்தனை பழம் வேண்டும் என்பதையும் அறியலாம். 5 கிராம் ஓட்டைக் கரைக்க ஏறக்குறைய 6.4 கிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் சுமார் 6 கிராம் அமிலம் உண்டு. எனவே ஒரு முட்டைக்கு 110 மில்லி அளவு சாறு, அதாவது சாறு நிறைந்த பழமாக நான்கு அல்லது ஐந்து தேவை. பழத்தைக் குறைத்தால் ஓடு பாதியிலேயே கரையாமல் நின்றுவிடும்.

சரியான செய்முறை

தேவையானவை: விரிசல் இல்லாத முட்டை 5, எலுமிச்சம்பழம் 20 முதல் 25 வரை, வெல்லம், 3 லிட்டர் கொள்ளும் பீங்கான் ஜாடி அல்லது வாயகன்ற கண்ணாடி ஜாடி, மெல்லிய துணி. அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் செய்யக் கூடாது. புளிப்பு அவற்றை அரித்துவிடும்.

1. முட்டைகளை ஜாடியில் மெதுவாக அடுக்கி, அவை மூழ்கும்வரை சாற்றை ஊற்றவும். நுரை பொங்கி எழுவதற்காக ஜாடியின் மேற்பகுதியில் இடம் விட வேண்டும்.

2. வாயைத் துணியால் மூடி நூலால் கட்டவும். திருகு மூடி வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத நிழலான இடத்தில் 10 நாள் வைக்கவும்.

3. ஓடு கரைந்தபின் முட்டை பந்துபோல் மெத்தென்று, முன்னிலும் பெரிதாக இருக்கும். சவ்வின் வழியே நீர் உள்ளே செல்வதால் இப்படிப் பருக்கிறது. பாடத்தில் படித்த சவ்வூடு பரவலைக் கண்ணாரக் காணலாம்!

4. மரக்கரண்டியால் அவற்றை உடைத்துக் கூழாக்கி, கலவையின் எடைக்குச் சமமான வெல்லத்தைப் பொடித்துக் கலக்கவும். மீண்டும் துணியால் மூடி 10 நாள் வைக்கவும். இப்போதும் புளிப்பேறி வாயு வரும்.

5. பின்னர் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றித் தளர்வாக மூடி, "செடிக்கு மட்டும், குடிக்கக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவும். கைகளையும் பாத்திரங்களையும் சோப்புப் போட்டுக் கழுவவும்.

ஆயா செய்யவிருந்த தவறு

மேற்கண்ட ஐந்தாவது படியில் எழுதி ஒட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் முறை நான் செய்துவைத்த ஜாடியில் 10 நாள் முடிந்திருந்தது. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பியபோது, ஆயா அதிலிருந்து அரை டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓட்டையே கரைக்கும் மருந்து மூட்டுக்கு நல்லது, எலும்பு வலுக்கும் என்று யாரோ கூறினார்களாம்.

"வேண்டாம் ஆயா!" என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"எலுமிச்சம்பழமும் முட்டையும் நாம சாப்பிடுறதுதானே கண்ணு, அதுல என்ன விஷம் இருக்கப் போகுது?" என்றார் ஆயா.

கேள்வி நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் பச்சை முட்டையின் ஓட்டின் மேலும், சில வேளை உள்ளேயும், சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். வேகவைத்தால் அது மடியும். புளிப்பில் ஊறவைப்பதால் மட்டும் அது மடிந்துவிடும் என்று நம்ப முடியாது. நம் ஊர் வெயிலில் 10 நாள் வெளியே இருந்த பச்சை முட்டையை உட்கொண்டால் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம். முதியோருக்கும், சிறு குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமெனில் நல்ல வழிகள் நம் வீட்டிலேயே உள்ளன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து உண்டு. பால், மோர், முருங்கைக்கீரை ஆகியவற்றிலும் உண்டு. முதுமையில் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது. அதற்கு மருத்துவரையே நாட வேண்டும். ஆயா இதையெல்லாம் கேட்டுவிட்டு, டம்ளரில் இருந்ததைத் திரும்ப ஜாடியிலேயே ஊற்றினார். இப்போது காலையில் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறார். முழங்காலுக்கு மருத்துவமனைக்கும் சென்று வருகிறார்.

செடிக்கு எவ்வளவு?

ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லி கரைசல் போதும். மாலை வேளையில், இலையின் இருபுறமும் நனையுமாறு தெளிக்கலாம். 15 நாளுக்கு ஒரு முறை போதுமானது. முதலில் ஒரு செடியில் தெளித்து இரண்டு நாள் பார்த்தபின் மற்றவற்றுக்குத் தெளிப்பது நன்று. நான் அவசரப்பட்டு ஒரு கத்தரிச் செடிக்கு மட்டும் கெட்டியாகக் கலந்து நண்பகலில் தெளித்தேன். அதன் இலை ஓரம் கருகி, வெல்லத்தின் இனிப்புக்கு எறும்புகளும் மொய்த்தன. பச்சையாகத் தின்னும் கீரை, கொத்தமல்லி போன்றவற்றின் மேல் இதைத் தெளிக்காமல் இருப்பதே நல்லது. எந்தக் காயையும் நன்கு கழுவிய பின்பே சமைக்க வேண்டும்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அதில் தழைச்சத்து ஒரு கிராம் அளவே. ஐந்து முட்டைக் கரைசலை மேற்சொன்னபடி நீர்த்துத் தெளித்தால், ஒரு லிட்டரில் தழைச்சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான் இருக்கும். எனவே இது தொழு உரத்துக்கு மாற்றாகாது. "அமினோ அமிலம்" என்ற பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எலுமிச்சைச் சாறு புரதத்தைத் திரிய வைக்குமே தவிர, முழுவதையும் அமினோ அமிலங்களாகப் பிரித்துவிடாது. இது பூச்சிகொல்லியும் அன்று.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுவது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது என்பது உண்மை. ஆனால் இலையில் தெளித்த அச்சத்து காய்க்கு எளிதில் நகர்ந்து செல்வதில்லை. அது வேர் வழியே நீருடன் ஏறுவது. ஒருநாள் வெள்ளம், மறுவாரம் வறட்சி என்றில்லாமல் சீராக நீர் பாய்ச்சுவதே முதல் மருந்து.

அப்படியானால் எங்கள் கொல்லைச் செடிகள் ஏன் மஞ்சளித்தன? நீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. மண்ணிலிருந்த சத்தும் நீரோடு போய்விட்டது. அப்பாவும் நானும் பாத்திக்கு ஓரமாகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தோம். மண் சற்று உலர்ந்ததும் கொத்திவிட்டு, தொழு உரம் இட்டோம். புதிய தளிர்கள் விட்டது அதன் பிறகுதான். ஆயா சொன்ன கரைசல் அப்போது ஜாடியில்தான் இருந்தது. ஒரு சொட்டும் தெளிக்கவில்லை!

பின்னர் மாசி மாதம் வெண்டை விதைத்து, ஆறு செடிகளுக்குக் கரைசலும் ஆறு செடிகளுக்கு வெறும் நீரும் தெளித்துப் பார்த்தேன். கரைசல் பெற்ற இலைகள் சற்றுக் கரும்பச்சையாகத் தெரிந்தன. காய்களிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. "ஆறு செடியை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னும் பல பாத்திகளில் செய்து பார்" என்றார் ஆசிரியை. வேளாண்மையில் ஐயம் எழுந்தால் நம் மாவட்டத்துத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்கலாம்.

ஆகவே தோழியரே, நம் பெரியோர் கூறும் வீட்டு மருந்துகளை எள்ளி நகையாட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் வேண்டாம். முதலில் நோய் இன்னதென்று அறிவோம். பிறகு மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்போம். அளவறிந்து, பெயர் எழுதி வைத்து, சிறுவர்க்கு எட்டாமல் காப்போம். எங்கள் வீட்டு ஜாடியின் மேல் நான் எழுதி ஒட்டிய தாள் பழுத்துப் போனதும், இந்த ஆண்டு ஆயாவே ஒரு புதிய தாளைக் கொண்டுவந்து, "பெருசா எழுது கண்ணு, எனக்கும் தெரியணும்" என்றார்.

பதினோராம் வகுப்பு மாணவி,
அறிவியல் பிரிவு