திரையில் மறையும் ‘கூடாது’

“இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ளக் கூடாது.” மருந்து வேளையை நினைவூட்டும் ஒரு கைபேசிச் செயலியில் இவ்வாக்கியம் இடம்பெறுவதாக எண்ணிக்கொள்வோம். திரையில் அதற்கு ஒரே ஒரு வரி மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பார்வை மங்கிய முதியவர் ஒருவர் தம் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார். வாக்கியம் அவ்வரிக்குள் அடங்கவில்லை. “இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ள…” என்பதோடு நின்று, மூன்று புள்ளிகள் தோன்றுகின்றன. ‘கூடாது’ என்னும் சொல் திரைக்கு வெளியே போய்விட்டது. எச்சரிக்கை, அறிவுரைபோல மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் விலக்கும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். வால் அறுந்தாலும் தலை தப்பும். தமிழில் வினையும் மறுப்பும் இறுதியில் வருகின்றன. ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘இல்லை’ ஆகியன யாவும் கடைசியில் நிற்பவை. ஆகவே ஆங்கிலத்திற்கென அளவெடுத்த திரையில் தமிழை இட்டு நிரப்பினால், முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் உயிர்காக்கும் சொல்லே.

இது கணினி வல்லுநர்கள் மட்டும் பேசவேண்டிய செய்தியன்று. நம் மருத்துவம் இன்று கைபேசித் திரையோடு பிணைந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடெங்கும் அறிமுகமானது. 14 இலக்க ‘ஆபா’ எண் அதன் வழி வந்ததே. வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண ‘இ-சஞ்சீவனி’ உதவுகிறது. இவை நன்மைகளே. எனினும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே அதுதான் குறைவு. எழுத்துக் கூட்டிப் படிப்போரும், தெலுங்கோ கன்னடமோ தாய்மொழியாகக் கொண்டோரும் இங்கு வாழ்கின்றனர். அவர்களுக்கு நெருக்கடியான திரை பெருந்தடையாகும்.

அஞ்சறைப்பெட்டியும் சுருக்குப்பையும்

கைபேசியில் நாம் காணும் ஒவ்வொரு திரையும் நிரல் எனப்படும் கட்டளை வரிகளால் கட்டப்படுகிறது. எழுத்து, படம், பொத்தான் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் வைத்து, அப்பெட்டிகளை மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ அடுக்குமாறு நிரல் கட்டளையிடுகிறது.

அப்பெட்டிகளை இரு வகையாக அமைக்கலாம். முதலாவது, அஞ்சறைப்பெட்டி போன்றது: ஒவ்வோர் அறைக்கும் அளவு முன்பே உறுதிசெய்யப்பட்டது, கூடுதலாக இட்டால் சிந்தும். இரண்டாவது, பாட்டியின் சுருக்குப்பை போன்றது: உள்ளே இடுவதற்கு ஏற்ப விரியும். நிரலாளர் உயரத்தை எண்ணால் கட்டிப்போட்டால் முதல் வகை. ‘உள்ளடக்கத்திற்கேற்ப விரிக’ என்று எழுதினால் இரண்டாம் வகை. நிரலில் ஒரு வரி மாற்றமே பல நேரங்களில் இவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தமிழுக்கு இது இன்றியமையாதது. நம் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும், கீழே சுழியும் உண்டு. பெட்டியின் உயரம் போதாவிடில் புள்ளி மறையும். ‘மு’, ‘மூ’ ஆகியவற்றின் வேறுபாடு தெரியாமற்போகும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் எழுத்தளவைக் குறிக்க ‘எஸ்பி’ என்றோர் அலகு உண்டு. பயனர் எழுத்தைப் பெரிதாக்கினால் அதுவும் உடன் வளரும். 2023இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14, எழுத்தை இருமடங்கு வரை பெரிதாக்க வழிவகுத்தது. ஆனால் எழுத்து வளர்ந்து, அதைத் தாங்கும் பெட்டி வளராவிட்டால் பயனில்லை.

அடுக்குகள் குறைந்தால் விரைவு கூடும்

பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போவது இன்னொரு குறை. திரையை வரையுமுன் கைபேசி ஒவ்வொரு பெட்டியையும் அளக்கிறது. பழைய முறையின் சில அமைப்புகள் தம்முள் இருப்பவற்றை இருமுறை அளந்தன. அத்தகைய பெட்டிகள் மூன்று அடுக்கானால், உள்ளே இருக்கும் எழுத்து எட்டு முறை அளக்கப்படும். ஐந்தடுக்கானால் 32 முறை. புதிய, விலையுயர்ந்த கைபேசி இதைத் தாங்கும். விலை குறைந்த பழைய கைபேசியோ தடுமாறும். தொட்டவர் ஒன்றும் நிகழவில்லை என எண்ணி மீண்டும் தொடுவார். ‘மருந்து எடுத்துக்கொண்டேன்’ என்னும் பதிவு இருமுறை ஏறினால், அடுத்த வேளையின் கணக்கும் தவறக்கூடும்.

இதற்குத் தீர்வுகள் வந்துவிட்டன. 2017இல் கூகுள் நிலைப்படுத்திய ‘கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்’ என்னும் முறையில், பெட்டிகளை ஒன்றனுள் ஒன்றாக அடைக்காமல் ஒரே தளத்தில் பரப்பி வைக்கலாம். 2021 ஜூலையில் வந்த ‘ஜெட்பேக் கம்போஸ்’, இயல்பாகவே ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை மட்டுமே அளக்கிறது. நிரல் சுருங்குகிறது, பிழை தேடுவதும் எளிதாகிறது.

ஒழுங்கான நிரலால் பார்வையற்றோரும் பயனடைவர். திரையை உரக்கப் படிக்கும் ‘டாக்பேக்’ பெரும்பாலும் நிரலில் உள்ள வரிசையைப் பின்பற்றியே வாசிக்கிறது. மருந்தின் பெயர், அளவு, வேளை, பொத்தான் என்ற வரிசையில் நிரல் அமைந்திருந்தால் காதுக்கும் அவ்வாறே கேட்கும். படம் மட்டும் உள்ள பொத்தானுக்கு நிரலில் பெயர் இடாவிட்டால், அது எதற்கான பொத்தான் என்பதைக் கேட்பவர் அறிய இயலாது.

நல்ல திரையின் இலக்கணம்

பொத்தானுக்கு 48 ‘டிபி’, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் தேவை என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டல். நீரிழிவால் விரல்நுனி மரத்தவர்க்கும், கைநடுக்கம் உள்ளவர்க்கும் இவ்வளவு மிகவும் முக்கியம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் நெறி. வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம். பேருந்து நிறுத்தத்து வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு திரையில் ஒரு கேள்வி மட்டும் கேட்கவேண்டும் என்பது பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்கு வகுத்துள்ள வழிமுறை. 14 இலக்கங்களை ஒரே தொடராக அன்றி, இரண்டு, நான்கு, நான்கு, நான்கு எனப் பிரித்துக் காட்டுவதும் இத்தகைய எளிமையே.

இவை கருணையால் தரப்படும் சலுகைகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்கள் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகலை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு கூறாகவே ஏற்றுக்கொண்டது. குரல் எழுப்பினால் மாற்றம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. தடுப்பூசிப் பதிவுக்கான ‘கோவின்’ தளம் 2021 ஜூன் தொடக்கத்தில் பல இந்திய மொழிகளில் வந்தபோது தமிழ் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் விரைவிலேயே தமிழும் சேர்க்கப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

கைபேசியின் ‘அமைப்புகள்’ பகுதியில் ‘டிஸ்ப்ளே’ என்னும் பிரிவைத் திறந்து, எழுத்தளவைப் படிப்படியாகப் பெரிதாக்குக. ஒவ்வொரு படியிலும் மருந்துச் செயலியைத் திறந்து, வாக்கியங்கள் முழுமையாகத் தெரிகின்றனவா எனப் பார்க்க.

வாக்கியத்தின் முடிவில் மூன்று புள்ளிகள் தென்பட்டால் அங்கேயே நிற்க. அவ்வரியைத் தொட்டுப் பார்க்க. அல்லது கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்க்க. மீதிச் சொற்களைப் படிக்காமல் மருந்தை உட்கொள்ளற்க.

உடனிருந்து கவனிப்போர், செயலியை நிறுவிக்கொடுத்ததோடு நில்லாமல், நோயாளியையே ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுக. அவர் தடுமாறும் இடமே திரையின் குறை உள்ள இடம். அவரைக் கடிந்துகொள்ள வேண்டா. அத்திரையைப் படமெடுத்து, செயலி பதிவிறக்கப்படும் பக்கத்தில் உள்ள முகவரிக்கு, “எழுத்தைப் பெரிதாக்கினால் இச்சொல் மறைகிறது” என்று எழுதி அனுப்புக. நிரலாளருக்கு இதைவிடத் தெளிவான குறிப்புத் தேவையில்லை.

திரை சொல்வதும் மருந்துச் சீட்டு சொல்வதும் வேறுபட்டால், சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தாளரிடமோ செவிலியரிடமோ கேட்க. இரவு நேரமாயின் 104 என்னும் எண்ணை அழைக்கலாம். மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும், செயலி எவ்வளவு நன்றாக இயங்கினாலும், மருந்து முடியும்வரை பத்திரமாக வைத்திருப்பீர்களாக.