வில்லும் குடமும் ஒரு ‘ஆமா’வும்

சென்னைக் கடற்கரையின் மீனவர் ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பாடுகிறவர் முதலில் அலையோடு மல்லுக்கட்ட வேண்டும். 2015-இல் அங்கே விழா தொடங்கி, கர்னாடக இசையும் பறையும் கடற்கரைக்கு வந்தபோது என் மனம் வில்லுப்பாட்டைத் தேடியது. நெல்லை, குமரிப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில், திறந்த வெளியில், விடிய விடியப் பாடப் பிறந்தது அது.

ஓர் ஆளைவிட நீளமான வில். நாண் மேலே இருக்கும்படி, அதன் முதுகை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். குடம் வைக்கோல் புரிமணையில் உட்காரும். முதன்மைப் பாடகரான புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட, வில்லில் தொங்கும் மணிகள் குலுங்கும். குடக்காரர் குடத்தின் வாயில் பத்தையால் அடிப்பார். உள்ளே இருக்கும் காற்று அமுங்கி மீள்வதுதான் அந்தக் ‘கும்’. குடம் பெருத்தால் ஒலியும் கனக்கும். அலையின் இரைச்சலுக்கு மேலே மணி, அடியில் குடம். நடுவே குரலுக்கு இடம் கிடைத்துவிடும். உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் தாளம் காக்கும்.

இனிதான் சூட்சுமம். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே வந்து, திடீரென்று கூட்டத்தின் மனதில் இருக்கும் சந்தேகத்தைக் கேட்டுவிடுவார். புலவர் பாட்டை நிறுத்திப் பேச்சில் பதில் சொல்வார். கோல் அந்தரத்தில் நிற்கும். சிரிப்பு எழுந்து, அடங்கத் தொடங்கும் நொடியில் கோல் நாணில் விழ வேண்டும். முந்தினால் சிரிப்பு அறுபடும். பிந்தினால் கதை ஆறிவிடும். வருடக்கணக்கான சாதகம் அந்த ஒரு நொடிக்குத்தான்.

நாகர்கோவில் தந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு இந்தக் கலை ஊர்ச்சொத்து. நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்தவர் அவர். கலைவாணர் வில்லில் பாடிய காந்தி கதையை எழுதியவர் சுப்பு ஆறுமுகம். கலைவாணருக்கும் பிறகு நாகேஷுக்கும் திரையில் நகைச்சுவை எழுதிய அதே கை, இராமாயணத்தையும் பாரதத்தையும் வில்லிசையாக்கியது. 2021-இல் பத்மஸ்ரீ. 2022 அக்டோபரில், 94 வயதில் மறைந்தார். மகள் பாரதி திருமகன் இன்று வில்லெடுத்துப் பாடுகிறார்.

எத்தனை சிரிப்பு விளைந்தாலும் முறை தளராது. காப்பு, குருவடி, அவையடக்கம், அதன் பிறகே கதை. கடைசியில் வாழி. ஊரும் கேட்டவர்களும் வாழ்க என்று பாடிய பிறகுதான் வில்லைக் குடத்திலிருந்து அவிழ்ப்பார்கள்.