கடலோரத்தில் ஒரு வீடு – 7: பூட்டிய வீட்டுக்கு வரும் நோட்டீஸ்

ஈஸ்டர் விடுமுறை தொடங்கும் வாரத்தில் ஸ்பெயினின் அலிகாந்தே விமான நிலையம் பிரிட்டிஷ், ஜெர்மன், நெதர்லாந்துக் குடும்பங்களால் நிரம்பி வழியும். அங்கிருந்து தெற்கே தொர்ரெவியேகாவுக்கும் வடக்கே தேனியா, ஹாவியா ஊர்களுக்கும் வாடகைக் கார்கள் கிளம்பும். குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்கும் காலம் அது. அவர்களில் சிலருக்கு வாசலைத் தாண்டியதும் விளக்கு எரியாது. மோட்டாரில் இயங்கும் ஜன்னல் ஷட்டர்கள் மேலே எழும்பாது. ஃப்ரீசரில் விட்டுப்போனதெல்லாம் அழுகி நாறும். நீச்சல் குளத்தின் பம்பு எப்போதோ நின்று, தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். மின்சாரத்தைத் துண்டித்துப் பல வாரங்கள் ஆகியிருக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரியவருவது அந்த நிமிடத்தில்தான்.

பாக்கி வைத்தால் துண்டிக்கத்தானே செய்வார்கள் என்று தோன்றும். ஆனால் இவர்கள் பணம் கட்ட மனமில்லாதவர்களோ வசதியில்லாதவர்களோ அல்ல. பெரும்பாலும் நடப்பது வேறு. வீடு வாங்கும்போது உள்ளூர் வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, மின் கட்டணத்தை அதிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து, பாஸ்போர்ட் நகலையும் முகவரிச் சான்றையும் புதுப்பிக்கச் சொல்லி வங்கி கடிதம் போடும். பதில் வராவிட்டால் கணக்கை முடக்கும். அல்லது வங்கியின் சேவைக் கட்டணமே கொஞ்சம் கொஞ்சமாக இருப்பைத் தின்றுவிடும். அடுத்த மின் பில் வங்கியில் போய்த் திரும்பி வரும். முப்பது, நாற்பது யூரோ பில்தான். துண்டிப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இதில் முதல் கோணலான வங்கிக் கணக்கைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறை ஒன்றின்படி, யூரோ தானியங்கிப் பற்றுக்குப் பணம் பெறும் நிறுவனம், கணக்கு எந்த உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. ஜெர்மானியர் தன் ஊர் வங்கிக் கணக்கிலிருந்தே ஸ்பெயின் மின் கட்டணத்தைக் கட்டலாம். பல நிறுவனங்களின் முகப்பு ஊழியர்கள் இன்றும் ஸ்பானியக் கணக்குதான் வேண்டும் என்பார்கள். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது கோணல்தான் பெரியது. அது நோட்டீஸ் பற்றியது.

ஸ்பெயினில் மின் வழங்கலை ஒழுங்குபடுத்தும் 2000ஆம் ஆண்டின் அரசாணை, துண்டிப்புக்கு முன் வாடிக்கையாளருக்குப் பெற்றுக்கொண்டதற்குச் சான்று இருக்கும் வகையில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது. எந்த முகவரிக்கு? ஒப்பந்தத்தில் தகவல் தொடர்புக்கென்று எழுதியிருக்கும் முகவரிக்கு. கடிதத்தை வாங்க மறுத்தால், அந்த முயற்சியைக் குறித்து வைத்துக்கொண்டு எச்சரிக்கை கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாளிலோ விடுமுறைக்கு முந்தைய நாளிலோ துண்டிக்கக் கூடாது என்ற நல்ல விதியும் அதே ஆணையில் உண்டு. உடனே பணம் கட்டி இணைப்பைத் திரும்பப் பெற முடியாத நாளில் ஒருவரை இருட்டில் விடக் கூடாது என்பது அதன் நோக்கம். எழுதியவர்கள் மனத்தில் இருந்தது, வீட்டுக்குள் ஆள் இருக்கும் குடும்பம்.

வீடு வாங்கிய அன்று மின் ஒப்பந்தப் படிவத்தை நிரப்பியவர் பெரும்பாலும் வீட்டு முகவரோ வழக்கறிஞரின் உதவியாளரோதான். தகவல் முகவரி என்ற இடத்தில் அவர் அந்த வீட்டின் முகவரியையே எழுதிவிடுகிறார். உரிமையாளர் லீட்ஸில் இருக்கிறார், அல்லது டியூசல்டார்ஃபில். நோட்டீஸ் ஸ்பெயினில் பூட்டிய கதவின் முன் வந்து நிற்கிறது. தபால்காரர் ஒரு சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். கடிதம் சில நாள் தபால் நிலையத்தில் காத்திருந்து திரும்பிவிடுகிறது. நிறுவனத்தின் கோப்பில் எல்லாம் முறைப்படி நடந்ததாகவே இருக்கிறது.

வருத்தம் தருவது இதுதான்: அந்த வீட்டில் ஆள் இல்லை என்பது மின் துறைக்கு நன்றாகத் தெரியும். 2007ஆம் ஆண்டு ஆணைப்படி, 15 கிலோவாட் வரையிலான இணைப்புகளின் பழைய மீட்டர்களையெல்லாம் 2018 முடிவதற்குள் ஸ்மார்ட் மீட்டர்களாக மாற்ற வேண்டும் என்று ஸ்பெயின் விதித்தது, மாற்றியும் முடித்தது. இந்த மீட்டர் மணிக்கு மணி நுகர்வைப் பதிவு செய்கிறது. அக்டோபரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மேல் ஒன்றும் ஓடாத வீடு எது என்பது அந்தப் பதிவைப் பார்த்தாலே புலப்படும். அதே மீட்டரைக் கொண்டு, ஆள் அனுப்பாமல் தூரத்திலிருந்தே மின்சாரத்தை நிறுத்தவும் முடிகிறது. துண்டிப்பதற்குத் தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்தும், எச்சரிப்பது பழைய தபால் வழியிலேயே நிற்கிறது. இது நியாயமில்லை.

துண்டிப்புக்கு முன் தரும் அவகாசத்தில் உள்ள வேறுபாட்டையும் அறிய வேண்டும். கட்டணத்தை அரசு சூத்திரப்படி நிர்ணயிக்கும் ஒழுங்குமுறைத் திட்டத்தில் இருப்பவருக்கு, எச்சரிக்கைக்குப் பிறகு இரண்டு மாத அவகாசம் உண்டு. சமூகச் சலுகைக் கட்டணம் பெறும் நலிந்த நுகர்வோருக்கு 2017ஆம் ஆண்டு அரசாணை அதை நான்கு மாதமாக நீட்டியது. அந்தச் சலுகை நிரந்தரமாக வசிக்கும் வீட்டுக்கு மட்டுமே. சுதந்திரச் சந்தை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். முகவர்கள் வெளிநாட்டவரைச் சேர்த்துவிடுவது அதிகமும் இந்தச் சந்தை ஒப்பந்தங்களில். கையெழுத்திடும் முன் துண்டிப்புப் பகுதியை மட்டுமாவது மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்ல வேண்டும்.

இனி பில்லுக்கு வருவோம். நம் வாசகர்களுக்கு யூனிட் கணக்கு பழக்கமானது. ஸ்பெயின் பில்லில் யூனிட் கணக்கு ஒரு பாதிதான். மறுபாதி, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட மின்திறனுக்கான கட்டணம். ஆண்டு முழுக்க ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் இது விழும். 2014 முதல் 2021 மே வரை வீடுகளுக்கு இது கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 38 யூரோ. 4.6 கிலோவாட் ஒப்பந்தம் என்றால் 175 யூரோ. அதன்மேல் 5.11 சதவீத மின்வரி, அதற்கும் மேல் 21 சதவீத மதிப்புக் கூட்டு வரி. கூட்டினால் சுமார் 220 யூரோ. மீட்டர் வாடகை தனி. 2021 ஜூன் 1 முதல் கட்டண முறை மாறி, ஒரு நாளை உச்சம், நடுத்தரம், மலிவு என மூன்று நேரப் பகுதிகளாகப் பிரித்தார்கள். வார நாள்களில் காலை 10 முதல் மதியம் 2 வரையும் மாலை 6 முதல் இரவு 10 வரையும் உச்சம். சனி, ஞாயிறு முழுக்க மலிவு. விடுமுறைக்கு வருபவருக்கு இதில் கொஞ்சம் ஆதாயம் உண்டு. ஆனால் ஆளில்லாத மாதங்களின் நிலைக்கட்டணம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் குளிர்காலத்துக்கு ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டுக் கோடையில் திரும்ப எடுக்கலாமே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகாது. மறு இணைப்புக்கு 9.04 யூரோ, மின் வலையமைப்பை அணுகும் உரிமைக்குக் கிலோவாட்டுக்கு 19.70 யூரோ. 4.6 கிலோவாட்டுக்கு வரியோடு 120 யூரோ வரும். பழைய 220 யூரோ கணக்கில் அரை ஆண்டில் மிச்சமாவது 110. இழப்பு இதோடு நிற்காது. மின் அமைப்பு 20 ஆண்டுக்கு மேல் பழையது என்றால், உரிமம் பெற்ற மின் பணியாளர் சோதித்துத் தரும் புதிய நிறுவல் சான்றிதழ் இல்லாமல் ஒப்பந்தம் கிடைக்காது. எண்பதுகளில் கட்டிய கடலோர வீட்டின் வயரிங் இன்றைய விதிகளுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. சான்றிதழுக்காக வீட்டின் சுவரையே பெயர்க்க வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுகள் இணைப்பு இல்லாமல் கிடந்தால், மின் வலையமைப்பை வீடுவரை நீட்டியதற்கான விரிவாக்க உரிமையும் போய்விடும். அதற்குக் கிலோவாட்டுக்கு 17.37 யூரோ மறுபடி கட்ட வேண்டும். பாக்கி தொடர்ந்து, நிறுவனமே ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டாலும் இதே கதிதான். துண்டிப்போடு நிற்கும்போதே விழித்துக்கொண்டால் இவ்வளவு சிக்கல் இல்லை. பாக்கியையும் இரட்டை இணைப்புக் கட்டணமான 18 யூரோ சொச்சத்தையும் கட்டினால் 24 மணி நேரத்துக்குள் மின்சாரம் வர வேண்டும்.

செலவைக் குறைக்க நினைப்பவருக்கு நல்ல வழி, ஒப்பந்தத் திறனைக் குறைப்பது. 2018 அக்டோபர் முதல் 0.1 கிலோவாட் அளவில்கூட மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டுக்குள் இரண்டாம் முறை மாற்றக் கேட்டால் விநியோக நிறுவனம் மறுக்கலாம். கோடைக்கு ஏற்றி, குளிருக்கு இறக்கும் திட்டம் செல்லாது. குடும்பம் வரும் வாரங்களில் ஏசியும் அடுப்பும் சேர்ந்து ஓடுவதைக் கணக்கிட்டு, ஒரு அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா இருட்டும் துண்டிப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்த அளவை மீறி இழுத்தால் ஸ்மார்ட் மீட்டர் தானே நிறுத்திவிடும். வீட்டின் மெயின் ஸ்விட்சைச் சில விநாடி அணைத்துப் போட்டால் திரும்ப வரும். இது தெரியாமல் எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் காசு கொடுத்தவர்கள் உண்டு. இலையுதிர் காலத்து இடிமழையில் மின்கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் டிரிப் ஆகிவிடும். ஆள் இருந்தால் மேலே தள்ளிவிட்டுப் போவார்கள். ஆளில்லாத வீட்டில் அது ஆறு மாதம் அப்படியே கிடக்கும். தானாகவே மீண்டும் இணையும் கசிவுத் தடுப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. பூட்டி வைக்கும் வீட்டுக்கு அது செலவல்ல, பாதுகாப்பு.

பழைய வீட்டை வாங்குபவர்கள் விடும் பிழை ஒன்று. மின் ஒப்பந்தம் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அவர் ஒரு நாள் வங்கிக் கணக்கை மூடுவார். பெயர் மாற்றம் இலவசம். கிரயப் பத்திரம், வெளிநாட்டவர் அடையாள எண், வங்கிக் கணக்கு எண், இ, எஸ் என்ற எழுத்துகளில் தொடங்கும் இணைப்புக் குறியீடு ஆகியவை இருந்தால் பெரும்பாலும் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் சட்டப்படி இணைப்பு உள்ள வீடுகளின் கதை. ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் இதைவிடக் கொடிய நிலையைப் பலர் கண்டார்கள். அல்மெரியாவின் அல்மன்சோரா பள்ளத்தாக்கிலும் மாலகாவின் அஷார்கியா மலைப்பகுதியிலும் 2000க்குப் பிறகு எழுந்த வீடுகளில் ஏராளமானவை விவசாய நிலத்தில் முறையான அனுமதி இல்லாமல் கட்டப்பட்டவை. குடிபுகு உரிமம் இல்லாத வீட்டுக்கு நிரந்தர மின் இணைப்புத் தர மாட்டார்கள். கட்டுமான வேலைக்கென வாங்கிய தற்காலிக மின்சாரத்தையே கட்டுநர் வீடுகளுக்கும் இழுத்துக் கொடுத்தார். உரிமையாளர்கள் தங்கள் பங்கைக் கட்டுநரிடம் மாதாமாதம் கொடுத்தார்கள். 2008 நிதி நெருக்கடியில் கட்டுநர்கள் திவாலானபோது பில் நின்றது. வாங்கியவர் தவறாமல் பணம் கொடுத்திருந்தும் தெரு முழுக்க இருண்டது. அவர்கள் பெயரில் ஒப்பந்தமே இல்லாததால் புகார் செய்யவும் உரிமை இல்லை. ஓய்வூதியத்தைக் கொட்டி வீடு வாங்கிய முதியவர்கள் ஜெனரேட்டரோடும் சூரியத் தகடுகளோடும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அல்மன்சோராவில் அவர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2019 செப்டம்பரில் அந்தலூசிய அரசு கொண்டுவந்த ஆணைச் சட்டம், இத்தகைய வீடுகள் தனி அங்கீகாரம் பெற்று மின்சாரமும் குடிநீரும் முறையாகப் பெற வழி செய்தது. போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது.

அதனால் கடலோர வீட்டை விலைபேசும் யாரும், கடல் தெரியும் பால்கனியைப் பார்க்கும் முன், விற்பவரின் கடைசி மின் பில்லைக் கேட்க வேண்டும். அதில் அவர் பெயரும் இணைப்புக் குறியீடும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பில் இல்லை, கட்டுநர் பார்த்துக்கொள்கிறார் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஸ்பெயின் அரசு செய்ய வேண்டியது சிறிய திருத்தம்தான். மீட்டரில் ஃப்ரிட்ஜுக்கு மேல் நுகர்வு இல்லாத வீட்டுக்குத் துண்டிப்பு எச்சரிக்கை போகும்போது, மின்னஞ்சல், கைபேசி வழியாகவும் உரிமையாளரை எட்டியாக வேண்டும் என்று விதி எழுதினால் போதும். அது வரும்வரை பொறுப்பு வீட்டுக்காரருடையது. உங்கள் உறவினரோ நண்பரோ ஐரோப்பாவிலிருந்து இப்படி ஒரு வீட்டைப் பூட்டிவைத்திருந்தால், மின் ஒப்பந்தத்தை எடுத்து, தகவல் முகவரி என்ற இடத்தில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். அவர் வசிக்கும் ஊர் அங்கே இல்லையென்றால், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றிவிடலாம்.

(தொடரும்)