கையிலே பச்சை! பையிலே கணக்கு!

ஓர் ஓநாய். தலையை உயர்த்தி, நிலாவைப் பார்த்து ஊளையிடுகிறது. கூடவே "லூனா" என்ற பெயர்.

இது சினிமாப் பட விளம்பரம் அல்ல. அமெரிக்கக் கோடீசுவரர் ஒருவர் தம் இடது கையில் குத்திக்கொண்ட பச்சை!

அவர் பெயர் மைக் நோவோகிராட்ஸ். நியூயார்க் நகரத்துப் பணப்புள்ளி. "கேலக்சி" என்ற கம்பெனியின் தலைவர். 2022 ஜனவரியில், பச்சை குத்திய கையைப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டினார்.

லூனா என்பது கிரிப்டோ நாணயங்களில் ஒன்று. அதைக் கையால் தொட முடியாது. கம்ப்யூட்டர் கணக்கில்தான் இருக்கும். அதன் பெயரைக் கோடீசுவரர் ஒருவர் உடம்பிலேயே குத்திக்கொண்டால், பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "அவருக்கே இவ்வளவு நம்பிக்கை! நாம் ஏன் பயப்படவேண்டும்?" என்றுதானே?

20 சதவீத வட்டி

லூனாவை உண்டாக்கியவர் டோ குவான். தென்கொரியாக்காரர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்.

அவர் இரண்டு நாணயங்களை வெளியிட்டார். ஒன்று லூனா. அதன் விலை ஏறும், இறங்கும். மற்றொன்று டெர்ரா டாலர். அது எப்போதும் ஒரு அமெரிக்க டாலருக்குச் சமமாக இருக்கும் என்றார்.

அப்படியானால், அதற்கு ஈடாகப் பெட்டியில் டாலர் நோட்டு வைத்திருந்தாரா? அதுதான் இல்லை! ஒரு டெர்ரா டாலரைக் கொடுத்தால், ஒரு டாலர் பெறுமானமுள்ள லூனா கிடைக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு. அந்த லூனா எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் புதிதாக உண்டாக்கும்.

டெர்ரா டாலரை "ஆங்கர்" என்ற திட்டத்தில் போட்டால், ஆண்டுக்குச் சுமார் 20 சதவீத வட்டி என்றார்கள். எந்த நல்ல பாங்கு இப்படிக் கொடுக்கும்? ஆனாலும் பணம் குவிந்தது. சூதாட்டம் என்று நினைத்துப் போட்டவர்கள் கொஞ்சம்தான் போட்டிருப்பார்கள். "டாலர் மாதிரிதானே, பத்திரமாக இருக்கும்" என்று நினைத்தவர்களோ, ஆயுள் முழுவதும் சேர்த்ததையும் கொண்டுவந்து போட்டார்கள்.

2020 அக்டோபரில் லூனாவின் விலை 31 சென்ட். ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2022 ஏப்ரலில் அதே லூனா 119 டாலர்!

ஒரே வாரம்!

அடுத்த மே மாதத்தில் வந்தது வினை.

பெரிய தொகைகள் வெளியே போகத் தொடங்கின. டெர்ரா டாலரின் விலை ஒரு டாலருக்குக் கீழே நழுவியது. பயந்துபோனவர்கள் அதைக் கொடுத்து லூனா வாங்கினார்கள். வாங்கிய கையோடு விற்றார்கள். லூனா விலை விழுந்தது. விலை விழ விழ, ஒரு டாலருக்கு ஈடாக இன்னும் அதிகம் லூனாவை உண்டாக்க வேண்டியதாயிற்று. அதிகமாக அதிகமாக, விலை இன்னும் விழுந்தது.

சுமார் 35 கோடியாக இருந்த லூனாவின் எண்ணிக்கை, சில நாட்களில் 6½ லட்சம் கோடி ஆகிவிட்டது! ஆபத்துக்கு உதவும் என்று சேர்த்துவைத்திருந்த பிட்காயின்களை விற்றுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 13ந் தேதி லூனாவின் விலை ஒரு சென்ட்டுகூட இல்லை.

இரண்டு நாணயங்களிலும் சேர்த்துச் சுமார் 4,000 கோடி டாலர் மாயமாக மறைந்தது. குவான் 2023 மார்ச்சில் மாண்டினீக்ரோ நாட்டில் பிடிபட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கோர்ட்டில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 15 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பணத்தைப் பறிகொடுத்த நூற்றுக்கணக்கானவர்கள் நீதிபதிக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

பச்சை குத்தியவர் கதி?

அவர் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை.

அவருடைய கம்பெனி 1 கோடியே 85 லட்சம் லூனாவை, 22 சென்ட் வீதம் மலிவாக வாங்கியிருந்தது. மொத்தமே சுமார் 40 லட்சம் டாலர்தான். கோடிகளில் புரளும் கம்பெனிக்கு இது பெரிய தொகையா? விலை ஏற ஏற, கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டே வந்தது. கோடிக்கணக்கான டாலர் லாபம்!

லாபத்துக்கு விற்பது தவறல்ல. கெட்டிக்கார வியாபாரி செய்கிற காரியம்தான். ஆனால், லூனாவை ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டே, தான் விற்பதைச் சொல்லாமல் மறைத்தது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் குற்றம் சாட்டினார். 2025 மார்ச்சில், 20 கோடி டாலர் கட்டுவதாகக் கேலக்சி சமரசம் செய்துகொண்டது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கையில் இருந்த பச்சையை எல்லாரும் பார்த்தார்கள். எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்ற கணக்கை யாரும் பார்க்கவில்லை!

100 ரூபாய்க் கணக்கு

லூனா மோசடிச் சரக்கு. மோசடி இல்லாத சரக்காக இருந்தால்?

பிட்காயினை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் அதன் விலை சுமார் 69,000 டாலர். ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஆக, அதை நம்பியவர்கள் சொன்னது கடைசியில் பலித்தது. ஆனால், அதுவரை காத்திருக்க யாரால் முடிந்தது?

இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரிடமும் 100 ரூபாய். இருவருக்கும் ஒரே நம்பிக்கை. விலை உச்சியில் இருந்தபோது, ஒருவர் 2 ரூபாய்க்கு வாங்கினார். மற்றவர் 100 ரூபாய்க்கும் வாங்கினார்.

விலை விழுந்தது. முதல்வரின் 2 ரூபாய் அரை ரூபாய்க்குக் கீழே வந்தது. அவரிடம் மீதி 98 ரூபாய் பத்திரமாக இருந்தது. சாப்பிட்டார், தூங்கினார். இரண்டாமவரின் 100 ரூபாய் 23 ரூபாய் ஆயிற்று. பழைய நிலைக்கு வர, 23 ரூபாய் நான்கு மடங்குக்கு மேல் பெருக வேண்டும். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமும் அதுவரை பொறுக்குமா? அடிமட்ட விலைக்கு விற்றுவிட்டுப் போனார். கடன் வாங்கிப் போட்டிருந்தாலோ, விற்பதா வேண்டாமா என்று யோசிக்கவே நேரம் இருந்திருக்காது. கடன் கொடுத்தவரே விற்று எடுத்துக்கொண்டிருப்பார்!

உலகிலேயே அதிகப் பணத்தை நிர்வகிக்கும் கம்பெனி "பிளாக்ராக்". பிட்காயின் வாங்க விரும்புகிறவர்கள், தங்கள் முதலீட்டில் 100க்கு 2 வரை அதில் போடலாம் என்று 2024 டிசம்பரில் அது கூறியது. அதற்குமேல் போனால், மொத்தப் பணத்துக்கும் வரும் ஆபத்தில் அந்த ஒன்றின் பங்கு அளவுக்கு மீறிப் போய்விடுமாம். பிட்காயின் நிதியை விற்கும் கம்பெனி அது. விற்கிறவரே 2 என்கிறார்!

கடிதம் வந்தது

லூனா சரிந்த சில நாட்களில், 2022 மே 18ந் தேதி, நோவோகிராட்ஸ் ஒரு கடிதம் வெளியிட்டார். பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடவேண்டும் என்றும், லாபம் வரும்போதே கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். பச்சையைப் பற்றியும் எழுதினார். பணிவு வேண்டும் என்பதை அது எப்போதும் தமக்கு நினைவூட்டுமாம்!

கடிதம் வந்தபோது, லூனாவை நம்பி எல்லாவற்றையும் போட்டவர்களிடம் எடுத்துக்கொள்ள லாபமும் இல்லை; பிரித்துப் போடப் பணமும் இல்லை.